மாமாவுக்குத் தெரியாத நீலம்

ஆம்பூர்,
ஐப்பசி 12, புதன்கிழமை

கான்பூரில் இருக்கும் தம்பி புகழேந்திக்கு அக்கா தேவகி எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் என் நம்பரை நீ எடுப்பதில்லை. அதற்காகக் குறை சொல்லவில்லை. காகிதமாவது உன் கைக்கு வரட்டும்.

என் வீட்டுக்காரருக்கு, அதான் உன் மாமாவுக்கு, போன வியாழக்கிழமை வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் உமைமா என்று சின்ன வயசுப் பெண், பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் தோலைப் போலப் புரதம்தானாம். மேல்தோல் உரிந்து புதிதாக வரும். ஆனால் லென்ஸின் நடுவில் தாய் வயிற்றிலேயே உண்டானது கடைசிவரை அப்படியே கிடக்குமாம். வயசாக ஆக ரத்தத்துச் சர்க்கரை அதில் ஒட்டிப் பிணைத்து, மஞ்சளாக்கி, பழுப்பாக்கி, இறுக்கிவிடுமாம். எல்லாருக்கும் நடப்பதுதான், சர்க்கரை வியாதி இருந்தால் சீக்கிரம் நடக்கும் என்றார். மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பட்டைத் தண்ணியில பச்சைத்தோல ஊறப்போட்டா பழுப்பாயி இறுகிப்போவுதே, அந்த மாதிரின்னு சொல்லும்மா. தோல் கம்பெனியில முப்பது வருசமா அதானே பாக்கறேன்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சர்க்கரையில் பாதி நான் போட்டது. மாதாமாதம் ரத்தப் பரிசோதனையை நோட்டில் தேதி போட்டு எழுதுகிறவள் நான். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கலை மட்டும் எழுதியதில்லை. பிரசாதம் உடம்பைக் கெடுக்காது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். வேண்டாம் என்றவரை, சாமிக்குப் படைத்ததை மறுக்கக்கூடாது என்று ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தேன். டாக்டரிடம் சொன்னபோது, "கோயில் சர்க்கரையா, கடை சர்க்கரையான்னு கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றார்.

கட்டுப் பிரித்த மறுநாள், கொடியில் கிடந்த என் கருநீலப் புடவையைக் காட்டி, "இந்த நீலப் பொடவ எப்போ எடுத்த?" என்று கேட்டார். ஆறு வருஷப் புடவை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இன்னா கறுப்பக் கட்டிக்கினு நிக்கிற" என்று ரெண்டு வருஷமாக அவர் திட்டிய அதே புடவை. கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார், அப்புறம் மற்றதை. திரும்பத் திரும்ப. பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது தம்பி. அவருக்கும்தான்.

சாயம் கலந்தவன் நீ, நிறம் பார்த்துச் சரி சொல்கிற மாஸ்டர் அவர். போன வருஷம் அந்தக் கருநீலத் தோலைப் பார்த்து, "கறுப்பாட்டம் இருக்குது, இன்னும் நீலம் ஊத்து" என்றார். "போதும் மாமா, ஜாஸ்தியாயிடும். மாதிரித் துண்ட வெச்சுப் பாருங்க" என்று நீ கெஞ்சினாய். "என் கண்ணுதான்டா மாதிரி" என்றார். ஊற்றினாய். நீலம் ஜாஸ்தி என்று சரக்கு திரும்பி வந்ததும் ஆபீஸில் உன்மேல் கையைக் காட்டினார். வேலை போயிற்று. நீ என்னிடம் வந்து அழுதாய். நான் என்ன செய்தேன்? மாமா கண் தப்பாது என்று சொல்லி, பூஜை அறை வாசலில் உன்னை அவர் காலில் விழவைத்தேன். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை. உன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று இப்போது மாமாவிடம் சொன்னேன். "முடிஞ்சு போனதுக்கு இப்போ இன்னா? பேஜார் பண்ணாத" என்றார். திங்கட்கிழமை நானே போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டியது அன்றைக்குத்தான். மேனேஜர் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க தம்பிய வரச் சொல்லுங்கம்மா, சேத்துக்கறோம்" என்றார். அதைச் சொல்லிவிட்டேன். வா என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இடது கண்ணுக்கு அடுத்த வாரம் நாள் குறித்தார்கள். வேண்டாம் என்கிறார். நேற்று பார்த்தேன். அந்தச் சரக்கில் ஒரு துண்டை பீரோவில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "இதுல பாத்தா சரியாத்தானே கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் புரைக்கண் இருக்கிறவரைக்கும் தப்பு உன்னுடையது. அதை அவர் விடமாட்டார்.

அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது, மறந்துவிடாதே. ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார், கண்ணையும் காட்டு. உன் கண் கடைசிவரை தெளிவாக இருக்கட்டும். நீ கண்டதைச் சொன்னால் நம்புகிற மனுஷர்கள் உனக்கு அங்கேயாவது கிடைக்க முருகன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா தேவகி