தேனில் குழைத்த குளிசை

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிய மழை. ஒட்டுசுட்டானில் 4.50 பஸ். கிளினிக் போய்ச் சேர எட்டரை. இரத்தம், சிறுநீர். வயிற்றில் பிள்ளை இல்லை என்று வந்தால்தான் அடுத்த மாதக் குளிசை. கடைகளில் கிடைக்காது, வேறு ஆள் கையிலும் கொடுக்கமாட்டார்கள். 'இல்லை' என்று வந்தது. கையெழுத்து வைத்து வாங்கினேன்.

மருந்து தரும் மிஸ் வழக்கம்போல, "முழுசா விழுங்குங்கோ. உடைச்சால் அந்தத் தூள் வயித்துப் பிள்ளைக்குக் கூடாது, பிள்ளைத்தாச்சியள் கிட்டவும் வரக் கூடாது."

இதையெல்லாம் எழுதி அவர் தந்த பேப்பர் அலுமாரியில், கூறைச் சேலைக்கு அடியில். பழையவையும் அங்கேதான். மாமிக்குத் தெரிந்தது எனக்கு நெஞ்சு வருத்தம் என்பது மட்டும். நுரையீரலில் இரத்த அழுத்தம், பிள்ளை தங்கினால் உயிருக்கு ஆபத்து என்பது எனக்கும் இவருக்கும்தான் தெரியும். "அம்மாட்ட இப்ப சொல்லாதை" என்றார். அந்த 'இப்ப'வுக்கு மூன்று வருடம்.

வாங்க மறந்தவை: தேயிலை, நுளம்புத்திரி, டோர்ச் பற்றரி. யானை வயலுக்குக் கிட்ட நிற்கிறதாம்.

ஒக்டோபர் 16, வியாழன்

இவருடைய தங்கை சுகந்தி வந்திருக்கிறாள். மூன்றாம் மாதம். ஓயாத சத்தி. மாமிக்குக் கால் நிலத்தில் இல்லை. என்னைப் பார்த்து, "அடுத்தது நீதான் பிள்ளை. வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்து வைச்சிருக்கிறன்."

சிரித்தேன். வேறென்ன செய்ய. எனக்குத் தொண்டை நோ, உடம்பு காய்கிறது.

ஒக்டோபர் 18, சனி

காய்ச்சல். தொண்டை அடைத்துவிட்டது, தண்ணீரும் இறங்கவில்லை. கண் திறக்க ஏலாது. மாமியின் குரல்: "நெஞ்சுக் குளிசை ஒருநேரமும் விடக் கூடாது. தேனில குழைச்சுக் குடுங்கோ." இந்த வீட்டில் எந்த மருந்தும் அப்படித்தான். வாயில் கரண்டி. தேன், பிறகு கசப்பு. உடைக்கக் கூடாது என்று சொல்லச் சீவன் இல்லை. யார் இடித்தது என்று நினைத்தும் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

காய்ச்சல் விட்டது. சுடுதண்ணீருக்குக் குசினிக்குப் போனேன். சுகந்தி இரண்டு கரண்டிக்கு நடுவில் குளிசையை வைத்து நசுக்குகிறாள். தூள் பறக்கிறது. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தாள்.

"சீ, என்ன கசப்பு மச்சாள். எப்பிடிக் குடிக்கிறியள்?"

"எத்தினை நாளாய் நீ இதைச் செய்யிறாய்?"

"மூண்டு நாளும் நான்தான். ஏன்?"

கரண்டியைப் பறித்தேன். கையைக் கழுவு, வாயைக் கொப்பளி என்று கத்தினேன். அவள் அழுதாள். "உதவி செய்த பிள்ளையில ஏன் எரிஞ்சு விழுறாய்?" என்று மாமி. காரணம் சொல்லவில்லை. வெட்கம் கெட்டவள் நான்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காலையிலேயே கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். அதே மிஸ்.

"இனி அவவைத் தொட விடாதேங்கோ. நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ன மருந்து, எத்தினை நாள் எண்டு டொக்டருக்கு அப்பிடியே சொல்லவேணும்."

"பிள்ளைக்கு ஏதும்..."

"பயமில்லை எண்டும் சொல்லேலாது, பயப்படுங்கோ எண்டும் சொல்லேலாது அம்மா. பாக்கவேணும்."

இவர் சொல்கிறார்: "வேற ஏதும் சாட்டுச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவம்."

சாட்டுகள்: சத்திக்கு மருந்து எடுக்க. ஸ்கான் பார்க்க. எனக்குத் துணைக்கு.

மூன்றையும் எழுதிவிட்டுப் பார்த்தேன். என்னில் எனக்கே அருவருப்பு.

பின்னேரம்

அலுமாரியைத் திறந்து பேப்பரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சுகந்தி வாசித்தாள். மாமிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. 'பிள்ளைத்தாச்சிகள் தொடக் கூடாது' என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. மாமி கதிரையில் இருந்தபடி என்னையும் பார்த்தார், மகளின் வயிற்றையும் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுகந்திதான் கேட்டாள். "இதை உங்களுக்கு எப்ப தந்தவை மச்சாள்?"

"ஒவ்வொரு மாசமும்."

கையிரண்டையும் சட்டையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நாளை 4.50 பஸ். மாமியும் வருகிறாராம், அவளுக்குப் பக்கத்தில் இருக்க.

ஏழு மணிக் குளிசை இன்னும் போடவில்லை. யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.