கூழ் வரிசைக்கு எழுதிய அட்டை

ஆடி, வெள்ளி. புழுக்கம்.

நீயே சொல்லு தாயே, போன வருஷம் நம் தெருக் கூழ் பாதி வரிசையிலேயே தீர்ந்துபோனது என் குற்றமா? வெறும் தூக்கோடு திரும்பியவர்களின் முகம் இன்னும் கண்ணில். இந்த வருஷம் ஒருத்தரும் அப்படிப் போகக் கூடாது. உன்னிடம் வேண்டிக்கொண்டாயிற்று.

தங்கை மகள் திவ்யா காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஏதாவது ஒரு வேலையைக் கம்ப்யூட்டர் மாதிரி யோசித்து, செய்து பார்த்து, வகுப்பில் சொல்ல வேண்டுமாம். “உங்க கூழையே எடுத்துக்கிறோம் பெரிம்மா.” சரி என்றேன். காசிமேட்டில் கருவாடு வாங்கணும். முருங்கைக்கீரை.

சனி.

கூழ் காய்ச்சி இறக்கியாச்சு. திவ்யாவோடு தோழிகள் ஷாலினி, ஆயிஷா. ஆளுக்கொரு விளக்கம்.

ஷாலினி: “கம்ப்யூட்டேஷனல் திங்கிங்னா கோடிங்தாண்டி, வேற இன்னா?”

ஆயிஷா: “அதுக்கு லேப்டாப்பே வேணாம். வேலைய துண்டு துண்டா பிரிக்கணும்.”

திவ்யா: “பிரிச்சா போதுமா? ஒண்ணுமே தெரியாதவங்க படிச்சாலும் கரெக்டா செய்யணும்.”

ஒண்ணுமே தெரியாதவள் நான்தானாம். “பெரிம்மா, நாளைக்கு நீங்கதான் மிஷினு. சொந்தமா யோசிக்காதீங்க. பேசாம அட்டைல கீறத மட்டும் செய்யுங்க.”

வீட்டுக்காரர்: “பேசாமலா? நடக்கிற கதைய சொல்லும்மா.”

அட்டையில் எழுதியது: ஒருவர் வந்தால் பாத்திரம் நிறையும்வரை ஊற்று. பிறகு அடுத்தவர்.

ஞாயிறு. லேசான தூறல்.

உனக்குப் படைத்துவிட்டு ஆரம்பித்தோம். டம்ளர், தூக்கு, சொம்பு. எல்லாம் ஒழுங்கு. அப்புறம் மீன் விற்கிற எல்லம்மா பிளாஸ்டிக் குடத்தை நீட்டினாள்.

“இன்னாக்கா பாத்துகினு கீற, ஊத்து. மீன் ஏலத்துல நிக்கிறவங்களுக்கும் சேத்துதான்.”

மிஷின் அல்லவா, ஊற்றினேன். அண்டாவில் கூழ் கிடுகிடுவென்று இறங்கியது. பின்னாலிருந்து ஒருத்தி: “யக்கா, இவ கூழு வாங்க வந்தாளா, லாரித் தண்ணி புடிக்க வந்தாளா?”

திவ்யா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “நிறையற வரைக்கும்னு எழுதிட்டோம்டி. எவ்ளோ பெரிய பாத்திரம்னு யோசிக்கவே இல்ல.”

“நீங்க யோசிக்கல, நான் யோசிச்சேன்” என்று எல்லம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆயிஷா பேனாவை எடுத்துத் திருத்தினாள்: ஆளுக்கு ஒரு சொம்பு. வரிசை முடிந்தபின் மீதி இருந்தால் மறு சுற்று.

ஷாலினி எட்டிப் பார்த்து, “ஏய், கோடே இல்லாம ஒரு ப்ரோக்ராமே கீதுடி இதுல.”

கடைசி ஆள் வரைக்கும் வந்தது தாயே. மறு சுற்றுக்கும் வந்தது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நாளை வகுப்பில் எல்லம்மா குடத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறார்களாம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

அட, இப்போதுதான் நினைவு வருகிறது. ஊற்றுகிறவர்களுக்கு என்று அட்டையில் ஒரு வரியும் இல்லை. நாங்கள் நாலு பேரும் கூழே குடிக்கவில்லை.