ஏழாம் நம்பர் ஆட்டக்காரர்

லுப்னா,

கம்பெனியில உன் போனை வாங்கி வெச்சிப்பாங்களே, அதான் சீட்டு. கீழ்வூட்டு சொக்கம்மா அக்கா கையில குடுத்துட்டுப் போறேன். ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சி வந்தா மேல ஏறாத.

நம்ம புதிர் பத்திரிகையில நான் தபால்ல நடத்துற திருடன் போலீஸ் ஆட்டம் தெரியும் இல்ல? ராயபுரம் மேப்புல, மாசம் ஒரு கார்டு எழுதிப் போட்டு ஒரு தெரு நகரணும். ஏழாம் நம்பர் ஆட்டக்காரர் எட்டு மாசமா யாரையும் புடிக்காம நம்ம தெரு பக்கமாவே வந்துகினு இருந்தாரு. நான் சிரிச்சேன். நீ சிரிக்கல.

இன்னிக்கு அவரு கார்டு ஸ்டாம்ப் இல்லாம கதவுக்கு அடியில கெடந்துச்சு. "மாடி ஏறிட்டேன். பச்சைக் கதவு"ன்னு எழுதிக் கீது. நம்ம வூட்டுக் கதவுதான் பச்சை. என் மேப்புல மாடியும் இல்ல, கதவும் இல்ல.

வூட்டு அட்ரஸை அச்சுல போடாதன்னு நீ சொன்னப்ப கத்திட்டேன். மூணு நாளா நீ பேசாதது நியாயம்தான்.

அவரு குடுத்த எர்ணாவூர் அட்ரஸுக்குப் போய் நேரா கேட்டுட்டு வரேன். நீ ஸ்கூல்ல இருந்து பாப்பா மஹீனை பெரம்பூர் உங்கம்மா வூட்டுக்குக் கூட்டினு போ. அடுப்பு மேல குழம்பு கீது, கெட்டா கெடட்டும்.

ஜுபைர்

அக்கா இப்பதான் சொன்னாங்க. காலையில ஒருத்தன் படியில உக்காந்துகினு இருந்தானாம். என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையாம். "பாப்பாவுக்கு ஸ்கூல் எத்தினி மணிக்கு வுடும்?"னு மட்டும் கேட்டானாம். மூணரைன்னு அக்கா சொல்லிட்டாங்க. அவங்களைத் திட்டாத. நான் எர்ணாவூர் போகல, ஸ்கூலுக்கு ஓடறேன். நீயும் அங்க வந்துடு.