லாரிக்கு அந்தாண்ட நடந்தவன்

ஏம்மே,

இன்னிக்கு காலைல ஹெல்மெட்ட கழுவலாம்னு உள்பட்டைய கழட்டினேன். மடிச்ச காகிதம் ஒண்ணு வுழுந்துச்சி. உன் கையெழுத்து. மூக்காண்ட கொண்டுபோனேன். எறா வாசன இன்னும் கீது.

நமக்கு கல்யாணமான புதுசு. பிளான்ட்ல பாய்லராண்ட மாட்ட தமிழ்ல ஒரு போர்டு எழுதித் தரச் சொன்னாங்க. 'சூடான குழாய்களைத் தவிர்க்கவும்'னு எழுதிகினு வந்து காட்டினேன். நீ எறா உரிச்சிகினு இருந்த. படிச்சிட்டு சிரிச்ச.

"தவிர்க்கவும்னா டாக்டரு உப்ப கொறைக்கச் சொல்ற மாதிரி கீதுய்யா. 'கிட்ட போவாத, வெந்துடுவ'ன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அந்த போர்டு இன்னும் தொங்குது.

அப்புறம் ஈரக் கையாலயே பேப்பர புடுங்கி, தவிர்க்கறதுக்கு நம்ம பேச்சுல இன்னான்னா பேருன்னு பின்னாடி எழுதின. வேலைல பண்ணா டபாய்க்கிறது. ஸ்கூலுக்கு பண்ணா டிமிக்கி. கேட்டதுக்கு பதில் சொல்லலன்னா மழுப்பறது. பாக்க வேண்டிய ஆள பாக்காம போனா மூஞ்ச திருப்பிக்கிறது. கடைசியா, ஒதுங்குறது.

"எல்லாம் ஒண்ணு இல்லய்யா. ஒதுங்குறவன் மட்டும் அடுத்தவனுக்காவ நகர்றான். மத்தவன்லாம் தனக்காவ நகர்றான்."

நான் எங்க கன்ட்ரோல் ரூம் கதைய சொன்னேன். அலாரம் அடிச்சா ஒரு பட்டன அமுக்குவோம், சத்தம் நின்னுடும். கோளாறு சரியாவற வரைக்கும் லைட்டு மட்டும் மினுக்கிகினே கெடக்கும். "இதுக்கு இன்னாமே பேரு?"ன்னு கேட்டேன். "அத நீயே கண்டுபுடி"ன்ட்ட.

நீ போயி நாலு மாசம். உங்கம்மா சாயங்காலம் சாயங்காலம் போன் பண்றாங்க. நான் ஓரத்து பட்டன அமுக்கிடுவேன். சத்தம் நின்னுடும். அவங்க பேரு மட்டும் மினுக்கிகினே கெடக்கும். கோவம்லாம் ஒண்ணும் இல்லமே. அவங்க 'ஹலோ'ன்னா நீ பேசற மாதிரியே இருக்கு. அவ்ளோதான்.

காத்திவாக்கத்துல ரோட்டோரம் அவங்க எறா விக்கிற எடத்த தாண்டித்தான் நான் பஸ்ஸுக்கு போவணும். எதிர்ல கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்கும்ல, அதுக்கு அந்தாண்ட பூந்து நடந்துடுவேன். நாலு மாசம் அப்படித்தான் போனேன்.

இன்னிக்கு காகிதம் பாக்கெட்ல இருந்துச்சி. ஷிஃப்ட் முடிஞ்சி லாரிக்கு இந்தாண்ட நடந்தேன்.

"இன்னா நைனா, இன்னிக்கு இந்தப் பக்கம் வந்துட்ட?"

"அத்த, அது வந்து... வேல ஜாஸ்தி."

"வேலையா? லாரிக்கு அடில உன் ஷூ தெரியும். அவ்ளோ பெரிய கருப்பு ஷூவ போட்டுகினு வேற எவன் போறான்? தெனம் பாத்துகினுதான் கீறேன்."

"ஏன் கூப்டல?"

"நீயே மறஞ்சி போற. நான் கத்திக் கூப்ட்டா உனக்கு சங்கடமா இருக்காது? தலைய குனிஞ்சி எறாவ பாத்துக்கினேன். வூட்டுக்கு போயி போன் பண்ணேன். சாப்ட்டியான்னு கேக்கத்தான்."

அவங்க பக்கத்துல ஒக்காந்தேன். யாரோ உரிச்சித் தரச் சொல்லி வாங்கின எறா தட்டுல இருந்துச்சி. நானும் எடுத்து உரிச்சேன்.

"குடல எடுக்காம போடறியே. எம் பொண்ணு உனக்கு இது கூடவா சொல்லித் தரல?"

"அவ எங்க என்ன கிட்ட வுட்டா, அத்த? நீ கெடுத்துடுவன்னுவா."

அத்த சிரிச்சாங்க. சிரிச்சிகினே முந்தானையால மூஞ்ச தொடச்சாங்க. அப்பத்தான் எறா தலையில கீற முள்ளு என் கட்டவிரல்ல ஏறிடுச்சி. ரத்தம் வந்துச்சி. வலிச்சிது மே. உன்ன எடுத்துகினு போன அன்னிக்கி கூட ஒண்ணும் தெர்ல எனக்கு. இன்னிக்கு வலிச்சிது. அங்கயே ஒக்காந்து அழுதேன். அத்த என் கைய புடிச்சி தண்ணி ஊத்தினாங்க.

காகிதத்துல 'ஒதுங்குறது'க்கு பக்கத்துல 'அத்த'ன்னு எழுதிட்டேன். பட்டன் அமுக்குறதுக்கு பேரு இன்னும் தெர்ல. ஹெல்மெட்டு உள்ளயே திரும்பச் சொருகி வெச்சிருக்கேன்.

சோப்பு போட்டு ரெண்டு தபா கழுவியும் கையில எறா வாசன போவல. மூணாவது தபா கழுவல மே.