துளசிங்கத்தின் பூக்காவடி

திருத்தணி
1944, ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள்

அன்புள்ள தேவகிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம், டில்லி மழையில் நீயும் சுகமாயிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ‘மிஸ்ஸிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? பட்டாளத்து ஆபீசில் தினமும் நீ டைப் அடிக்கும் சொல்தான். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய எனக்கு விடை தெரியவில்லை.

அடுத்த வீட்டு நெசவுக்காரி ரஞ்சிதத்தின் கணவன் துளசிங்கம் பர்மா முனையில் ‘மிஸ்ஸிங்’ என்று காலையில் தந்தி வந்தது. இந்தக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு பட்டாளத்துக்குப் போனவன். அவன் உயிரோடு இருந்தால் வீட்டார் யாராவது காவடியை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அது சாவு வீடு, ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. அவன் அண்ணன் பங்காரு தந்தியோடு வந்து, “ஆளு கீறான்னு போட்டுக்கீதா, இல்லேன்னு போட்டுக்கீதா? அத்த மட்டும் சொல்லுங்கம்மா” என்றார். அகராதியை எடுத்தேன். சட்டையில் பொத்தான் விழுந்துபோனாலும் அந்தச் சொல்தான், புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லாவிட்டாலும் அதேதான். அரக்கோணத்தில் ரயிலைத் தவறவிட்டாலும், எறிந்த கல் மாங்காயில் படாவிட்டாலும் மிஸ். நீ இல்லாத மாலைகளில் என் மனசு ஒரு மாதிரி ஆகிறதே, அதற்கும் அதுவே. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான் என்றேன். “இவ்ளோ பொஸ்தகம் படிச்சிகினு, கீறான் இல்லேன்னு ஒண்ணு சொல்ல முடியலியா” என்று அவர் சலித்துக்கொண்டார். ரஞ்சிதம் மட்டும், “செத்துட்டாருன்னு போடல இல்லீங்க?” என்றாள். போடவில்லை என்றேன். இருக்கிறான் என்றும் போடவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சாயங்காலம். மேகம் மலையை மறைத்துவிட்டது, கோயில் விளக்குகள் மட்டும் எதன்மேலும் நில்லாமல் வானத்தில் மிதக்கின்றன. காவடிக்காரர்களின் தெலுங்குப் பாட்டு கிட்டே வருவதும் விலகிப் போவதுமாக இருக்கிறது. அடுத்த வீட்டில் தறி ஓடவில்லை. ஓடாத அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுதலில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அந்தச் சொல்லை அடிக்கும்போது பக்கத்தில் வரும் பெயரில் ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்துக்கொள். நிறைந்த ஆயுளோடு மனசு குளிர்ந்திரு.

உன் அம்மா
கௌரியம்மாள்

மறுநாள் எழுதுவது: “பாவா, நான் எடுக்கறேன்” என்று பங்காருவிடம் சொல்லிவிட்டு ரஞ்சிதமே காவடியைத் தோளில் வைத்துக்கொண்டாள். அவர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். துணைக்குக் கூப்பிட்டாள், போனேன். சந்நிதியில் குருக்கள், யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். இருப்பவர்கள் பெயரில்தான் அர்ச்சனை செய்வார்கள். அவள் புருஷன் பெயரை வாயால் சொல்கிறவள் இல்லை. சுவாதி என்று நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். துளசிங்கம் என்று நான் உரக்கச் சொன்னேன்.