உங்களிடமிருந்து தேவை: எதுவும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் தையல் பட்டறையிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பிய விரிப்புகள் அத்தனையும் வண்டியோடு திரும்பி வந்துவிட்டன. அறுவை சிகிச்சை அறைக்குப் பச்சைதான் வேண்டுமாம். நாங்கள் அனுப்பியதோ நீலம். "பச்சைத் துணி கிடைக்கல, நீலம் அனுப்பறோம், வேண்டாம்னா சொல்லுங்கன்னு மெயில் போட்டேனே" என்கிறாள் அக்கா.

போட்டிருக்கிறாள், அது உண்மைதான். நானே திறந்து பார்த்தேன். மருத்துவமனை ஸ்டோர் கீப்பர் அம்மாவின் மாமியாருக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, மகள் பரீட்சை எழுதினாளா, வெயில் மண்டையைப் பிளக்கிறது, தான் குடியிருக்கும் பட்டறை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது — இத்தனையும் தாண்டி, கடைசிக்கு முந்தின வரியில் நீலம் வருகிறது. மேலே சப்ஜெக்ட் என்ன தெரியுமா? "எப்படி இருக்கீங்க?" அந்த அம்மா லீவில் இருந்த அன்று வேறு யாரோ திறந்து, இரண்டு வரி படித்துவிட்டு, சொந்த விஷயம் என்று மூடியிருக்கிறார்கள்.

கட்டிங் மாஸ்டர் முன்னாலேயே கத்திவிட்டேன். "இது ஆபீசா, அரட்டைக் கச்சேரியா?" அக்கா தன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். முதுகு மட்டும் தெரிந்தது.

மார்ச் 5, புதன்

பேச்சுவார்த்தை இல்லை. மருத்துவமனை ஆர்டர் கையை விட்டுப் போனால் பட்டறையில் பாதி தையல் மெஷின் சும்மா கிடக்கும். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 11, செவ்வாய்

வணிகர் சங்கத்தில் மெயில் எழுதுவது பற்றி ஒரு நாள் வகுப்பு. இதையெல்லாமா போய்ப் படிப்பது என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். வகுப்பெடுத்த பெண் சொன்ன ஒவ்வொன்றும் அக்காவைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. சப்ஜெக்டைப் பார்த்தாலே விஷயம் தெரியவேண்டும். முதல் வரியில் என்ன, எதிராளியிடமிருந்து என்ன தேவை, எப்போதுக்குள். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். ஊருக்கெல்லாம் நகல் அனுப்பக்கூடாது. கோபத்தில் எழுதினால் உடனே அனுப்பாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படிக்கவேண்டும்.

கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக மாதிரி மெயில் ஒன்று தயார் செய்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

"ஆர்டர் குடுக்கற பார்ட்டிங்களுக்குத்தானே? உனக்கும் எனக்குமா?"

"நமக்கும்தான். வாயால சொன்னா யார் என்ன சொன்னாங்கன்னு அப்புறம் சண்டைதான் வருது. எதுவா இருந்தாலும் மெயில்ல போடு. முதல் வரியிலயே சொல்லிடு."

"சரி, முதலாளியம்மா" என்றாள். இரண்டு பேருக்கும் பட்டறையில் சரிபாதி பங்கு. என்னைவிட மூத்தவள் வேறு. அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 21, வெள்ளி

புது முறை வேலை செய்கிறது! மருத்துவமனையிலிருந்து அன்றன்றே பதில் வருகிறது. பச்சை விரிப்பு போய்ச் சேர்ந்தது, ஆர்டரும் நிலைத்தது. ஒரு ஹோட்டல்காரர், "இப்பதான் உங்க மெயில் புரியுது" என்று போனிலேயே சொன்னார்.

அக்கா சொன்னபடி செய்கிறாள். சொன்னதற்கு மேலேயும் செய்கிறாள். இன்று மதியம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே அனுப்பினாள்: "பொருள்: மின்விசிறி. தேவை: வேகத்தைக் குறைக்கவும். எப்போதுக்குள்: இப்போதே." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

எத்தனை நாளைக்கு இந்த வீம்பு? பார்க்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

அக்காவிடமிருந்து: "பொருள்: விடுப்பு, செவ்வாய் மற்றும் புதன். காரணம்: மருத்துவப் பரிசோதனை. உங்களிடமிருந்து தேவை: எதுவும் இல்லை."

என்னை ‘நீங்கள்’ என்கிறாள்! பிறந்த நாளிலிருந்து ‘வாடி போடி’தான். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. "குறித்துக்கொண்டேன்" என்று பதில் போட்டேன். கண் பரிசோதனையாக இருக்கும். கண்ணாடியை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

மறுபடி அதே மாதிரி ஒரு மெயில். மறுபடி விடுப்பு, மறுபடி எதுவும் தேவையில்லை. புது ஹோட்டல் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போகிற அவசரத்தில் "சரி" என்று மட்டும் தட்டிவிட்டு ஓடினேன்.

ஏப்ரல் 30, புதன்

மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "பெரியம்மா சரியா சாப்பிடறதில்லம்மா. கொண்டு வர்றது அப்படியே திரும்பி மாடிக்குப் போவுது." கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்காவின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று நின்றது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஹோட்டல் மேனேஜர் போன் வந்தது.

மே 6, செவ்வாய்

அக்கா வெட்டு மேசைக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்துவிட்டாள். மாஸ்டரும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். இவ்வளவு லேசாகவா இருப்பாள்?

டாக்டர் எனக்கு எல்லாம் தெரிந்ததுபோலவே பேசிக்கொண்டு போனார். வயிற்றில் கட்டி. பரவிவிட்டது. ஏப்ரலிலேயே ஆபரேஷனுக்கு நாள் சொன்னோமே என்றார். "கூட ஒரு ஆள் இருக்கணும்னு சொன்னோம். தங்கச்சிக்கு வேலை ஜாஸ்தி, அவளுக்குத் தோதுப்படற நாளாப் பாத்து வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

தலையை ஆட்டினேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன். பாவி நான்.

மே 8, வியாழன்

வார்டுக்கு ஓர் அம்மா வந்தார். கையில் துவைத்து மடித்த ஒரு பழைய போர்வை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கூந்தலைக் கோதிவிட்டு, "ராத்திரி குமட்டல் நின்னுச்சா?" என்று கேட்டார். யார் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார், விரிப்பைத் திருப்பி அனுப்பிய மருத்துவமனையின் ஸ்டோர் கீப்பர். இத்தனை வருஷமாக எனக்கு அவர் ஒரு முகவரிதான்.

வெளியே வரும்போது கேட்டேன்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் மெயில்ல எழுதினாங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கே. ஏன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன்னு எழுதியிருந்தாங்களே?"

அங்கேயே போனில் அவளுடைய ஏப்ரல் மெயிலைத் தேடித் திறந்தேன்.

மே 9, வெள்ளி

மனசு கேட்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே. முதல் வரியில."

"அந்த அம்மாகிட்ட மட்டும் எல்லாத்தையும் எழுதியிருக்க."

"அவங்க கேட்டாங்கடி. எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்கு மெயில் போட்டுட்டுக் கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருந்தேன். என்ன பரிசோதனைன்னு கேட்டு நீ எழுந்து வருவன்னு நெனச்சேன். நீ ஒரு பதில தட்டிட்டு அடுத்த மெயிலுக்குப் போயிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டில் கம்பியில் தலையை வைத்து அழுதேன். "அழாதடி, மூக்கு ஒழுகுது பாரு" என்று போர்வை நுனியைக் கொடுத்தாள்.

மே 23, வெள்ளி

அக்காவைப் பட்டறை மாடிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆபரேஷன் இனிப் பயனில்லை. ஏப்ரலில் செய்திருந்தால்? "பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்கிறார் டாக்டர். உண்மையைச் சொல்கிறாரா, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா? இரண்டு தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 4, புதன்

பகலில் அவள் சொல்லச் சொல்ல நான் பார்ட்டிகளுக்கு மெயில் அடிக்கிறேன். பழக்கதோஷம், சுருக்கிவிடுகிறேன். படித்துக் காட்டச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

"ஹோட்டல்காரர் பொண்ணு கல்யாண விஷயம் எங்க?"

"சமையல்காரங்க ஏப்ரன் கணக்குக்கும் அவர் பொண்ணுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"அந்தாளு ராத்திரி பகலா அதே கவலையில இருக்காரு. நீ ஏப்ரன் ஏப்ரன்னு உசுர எடுக்கற. போடு."

போட்டேன். "இன்னும் ரெண்டு வரி போடு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஜூன் 20, வெள்ளி

இன்று அடிப்பதற்கு அக்கா எந்த மெயிலும் சொல்லவில்லை. "நீயே போடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

காலையில் அக்கா போய்விட்டாள். என் கை அவள் கைக்குள்தான் இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

மாஸ்டர் வந்து நின்றார். "பார்ட்டிங்களுக்கெல்லாம் சொல்லணுமேம்மா. திங்கக்கிழமை போகவேண்டிய துணி லோடு போகாதில்ல?"

ஆமாம், சொல்லத்தான் வேண்டும். உட்கார்ந்தேன். சப்ஜெக்டில் எதை எழுதுவது என்று தெரியாமல் காலியாகவே விட்டேன். முதல் வரி: "அக்கா இறந்துவிட்டாள்." அதோடு நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கடைசி வாரம் தண்ணீர்கூட இறங்காமல் இருந்ததை எழுதினேன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டு விஷயமும் அவளுக்கு மனப்பாடம் என்று எழுதினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் "குறித்துக்கொண்டேன்" என்று பதில் போட்டதையும் எழுதினேன். மறுபடி படித்துப் பார்க்காமலே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் திடுக்கிட்டு எழுந்தேன். லோடு வராது என்று அந்த மெயிலில் சொன்னேனா? திறந்து பார்த்தேன். அவ்வளவு நீளத்தில் அது மட்டும் எங்கேயும் இல்லை.

இன்றுதான் போயிருக்கவேண்டிய நாள். மருத்துவமனை, இரண்டு ஹோட்டல், விடுதி — எல்லோரும் காத்துக்கொண்டிருப்பார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தபடி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன் பல தடவை அடித்தது. எல்லோரும் அக்காவைப் பற்றியே பேசினார்கள். சாயங்காலம் பட்டறை மூடும் வரை, லோடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.