மூன்று போர்டுகளும் ஓடின

அன்புத் தங்கை தேவகிக்கு,

செவ்வாய்க்கிழமை மதியம் விழுப்புரத்தில், பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் அந்தோணியின் கடையில், அந்த மூன்று மதர்போர்டுகளும் ஓடின. சொன்னவர் அந்தோணி. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மேசை டிராயரில் கிடந்த ஒரு பழைய பிராசசரை மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டார். மூன்றிலும் திரை வந்தது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின்கூட வளைந்திருக்கவில்லை. நீ கெடுத்துவிட்டதாகச் சொன்னார்களே, அதே மூன்றுதான்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செய்தி உனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். இனி சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. அதன் லேபில் பத்து கம்ப்யூட்டர்கள், பத்தும் மெதுவாகிவிட்டன. போர்டை வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றலாமா என்று பார்க்க, பள்ளியின் கரஸ்பாண்டென்ட், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த உன்னைக் கூப்பிட்டார். நீ பத்தையும் திறந்து ஒவ்வொரு போர்டிலும் அச்சாகியிருந்த மாடல் நம்பரையும், அந்த மாடலின் எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் நம்பரையும் குறித்துக்கொண்டாய். மாடல் பத்துக்கும் ஒன்றுதான். ரிவிஷன் ஒன்றல்ல. ஏழு போர்டுகள் இரண்டாம் ரிவிஷன், மூன்று முதல் ரிவிஷன். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் எந்தப் பிராசசர் எந்த ரிவிஷனில் ஓடும் என்று ஒரு பட்டியல் உண்டு. வாங்கப்போகிற புதுப் பிராசசர் முதல் ரிவிஷனுக்கு நேராக இல்லை. சாக்கெட் ஒன்றுதான், அதனால் பொருந்தி உட்கார்ந்துவிடும். ஆனால் அந்தப் போர்டுக்கு அதை ஓட்டத் தெரியாது.

பட்டியலை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் அவரிடமே சொன்னாய். "உக்காரும் சார், ஓடாது. இந்த மூணுல மட்டும் பழசே இருக்கட்டும்."

"பத்தும் ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினது. நீ என்னம்மா ஜோசியம் பாத்துக்கினு இருக்க?" என்றாராம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த மூன்று போர்டுகளிலும் ரிவிஷன் நம்பரைச் சுற்றி உன் சிவப்பு நெயில் பாலிஷால் வட்டம் போட்டாய். எங்கே பார்த்த போர்டானாலும் நீ கவனித்த இடத்தை அப்படித்தான் குறிப்பாய். அந்த மூன்று பெட்டிகளின் மூடிக்கு உள்பக்கமும் ஒவ்வொரு தாளை டேப் போட்டு ஒட்டினாய். எல்லாவற்றையும் மூடிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

பிராசசர் விற்ற டீலர் தன் ஆளையே அனுப்பினார். ஒரே காலையில் பத்திலும் புதுசு ஏறியது. ஏழு ஓடின. மூன்றில் ஃபேன் மட்டும் சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. பழைய பிராசசரைத் திரும்பப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்று பழசு பத்தும் டீலரின் ஆள் வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டது. இதற்கு முன்னால் யார் திறந்தது என்று கேட்டிருக்கிறார் வந்தவர். உன் பெயரைச் சொன்னார்கள். அப்படியானால் பின்னை வளைத்தது அந்த அம்மாதான் என்று அவர் சொல்ல, விசாரணை முடிந்தது.

நீ உன் சொந்த பிராசசர் ஒன்றைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனாய். போட்டுக் காட்டுகிறேன் என்றாய். கேட்டைத் தாண்ட விடவில்லை. "நீங்க தொட்டது போதும்னு சொல்லச் சொன்னாரும்மா" என்றாராம் வாட்ச்மேன், உன் முகத்தைப் பார்க்காமல். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் லேபில் ஏன் மூன்று இடம் காலி என்று கேட்டவர்களுக்கு, கரஸ்பாண்டென்ட் மைக்கில் உன் கடைப் பெயரைச் சொல்லிப் பதில் சொன்னார். மூன்று மிஷினைச் சாகடித்த கடை என்று ஊரில் பெயராயிற்று.

அப்போது நான் என்ன செய்தேன்? விழுப்புரம் தனி மாவட்டமான வருஷத்திலிருந்து நான் நிருபர். சொந்தக்காரர் விஷயத்தை எழுதுவதில்லை என்பது நாங்கள் காப்பாற்றும் வழக்கம். அதைப் பெருமையாகச் சொல்லித் தள்ளி நின்றேன். நீ எழுதச் சொல்லவே இல்லையே.

"எழுதல்லாம் வேணாண்ணா. போய் அந்த போர்டு நம்பர மட்டும் பாத்துட்டு வந்துடு. நீ கேட்டா காட்டுவாங்க."

நான் போகவில்லை. முகம் தெரியாத ஒருவர் இதே புகாரோடு வந்திருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். தங்கை என்பதால் ஏறவில்லை. இதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேனே, எனக்கு வெட்கமில்லையா?

உன் சாவுக்கு அவர்கள்தான் காரணம் என்று எழுதமாட்டேன். டாக்டர் சொன்னது சிறுநீரகக் கோளாறு. இல்லாததை எழுதினால் உனக்கே பிடிக்காது. ஆனால் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு போனாய். அது நடந்தது.

இந்த வருஷம் பள்ளி புது மிஷின்கள் வாங்கியது. பழையவை, ஓடாமல் கிடந்த அந்த மூன்றும் சேர்த்து, அந்தோணியிடம் வந்தன. ஒரு மூடியைத் திறந்ததுமே எனக்கு போன் செய்தார். "அண்ணா, இது நம்ம தேவகிக்கா பாத்த போர்டுதான். நெயில் பாலிஷ்ல வட்டம் போடறது வேற யாரு?"

இரண்டு மூடிகளில் உன் தாள் இல்லை. டேப்பும் அதில் ஒட்டிய தாளின் நான்கு மூலைகளும் மட்டும் இருந்தன. தானாக விழுந்த தாள் மூலைகளை விட்டுவிட்டு விழாது. கிழித்தது யார் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. மூன்றாவது மூடியில் தாள் முழுசாக இருந்தது. "ரிவிஷன் 1. புது பிராசசர் போடக் கூடாது. பழசை எடுக்க வேண்டாம். தேவகி." கீழே உன் போன் நம்பர். மூடியைக் கழற்றியவன் கண்ணில் இது படாமல் இருக்க வழியே இல்லை. ஒரு போன் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

புதன்கிழமை போட்டோக்களோடு கரஸ்பாண்டென்டைப் பார்த்தேன். காபி வரவழைத்தார். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "போனது போச்சு சார். அவங்களே இல்ல. இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

நீ இல்லாததால் பொய் மட்டும் இருக்கலாமா? உன் கடையில் உன் வீட்டுக்காரர் ஏழுமலை மாப்பிள்ளை இன்னும் உட்கார்ந்திருக்கிறார். மயிலம் பக்கத்துக் கல்லூரி ஒன்று போன மாதம் லேபைப் பார்க்க வரச் சொன்னது. எந்தக் கடை என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டது. போனது எதுவும் போகவில்லை. காபியைக் குடிக்காமல் இதை அவரிடம் சொன்னேன்.

நான் கேட்டது ஒரு பக்கக் கடிதம். போர்டுகள் கெடவில்லை, ஓடாது என்று தேவகி முன்பே சொன்னார் என்று அதில் இருக்க வேண்டும். மைக்கில் சொன்ன பழியை அதே மைக்கில் திருத்த வேண்டும். சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, திங்கட்கிழமை பதில் தருகிறேன் என்றிருக்கிறார். பதில் வருவதற்கு முன் பெயரைப் போடுவது முறையல்ல, அதனால்தான் இங்கே பள்ளியின் பெயர் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த கேட்டில் நிற்பேன், தேவகி. கடிதம் தந்தால் அதை உன் கடைக் கண்ணாடியில், நீ ஒட்டியது போலவே நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுவேன். தராவிட்டால் பெயரோடு எழுதுவேன். தேவகி என் தங்கை என்பதே அதன் முதல் வரியாக இருக்கும்.

போர்டு நம்பரை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கும்,
உன் அண்ணன்